உறைந்துபோன குவானின்

பீக்கரைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அடியில் உள்ளங்கையால் தட்டினாள். உள்ளே இருந்தது லேசாக நடுங்கிற்று, அவ்வளவுதான். காலையில் அவளே கரைத்து வைத்தது. அப்போது அது தண்ணீராக இருந்தது.

பொலேத் அதை நிமிர்த்தி, ஐஸும் உமியும் நிரப்பிய வாளிக்குள் மறுபடி இறக்கினாள். கையைத் துடைத்துக்கொள்ளவும் மறந்து நின்றாள். நினைவுக்கு வந்தது போன ஞாயிற்றுக்கிழமை. மகள் மாதலேனுக்குத் தேவாலயத்தில் புதுநன்மை. விருந்துக்குக் கடற்பாசி காய்ச்சித் தேங்காய்ப்பால் சேர்த்து உறையவைக்க ஒரே அளவில் கிண்ணங்கள் வீட்டில் இல்லை. அவள் வேலை பார்க்கும் சைகோன் கல்லூரி வேதியியல் கூடத்தில் சின்னச் சின்ன பீக்கர்கள் வரிசையாக இருந்தன. பையில் போட்டுக் கொண்டுபோய்விட்டாள். தட்டில் கவிழ்த்ததும் ஒவ்வொன்றும் செதுக்கி வைத்ததுபோல் நின்றது. விருந்துக்கு வந்த காரைக்கால் சனம் மெச்சிக்கொண்டது. மறுநாள் கழுவித் திரும்ப அலமாரியில் வைத்தாள். அதில் ஒன்றுதான் இது.

சாமான் அறையிலிருந்து ஹாஜா மைதீன் எட்டிப் பார்த்தார். ரசாயனப் புட்டிகள் அவர் பொறுப்பு. நாகூர்ப் பக்கத்துக்காரர்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாரி நிக்கிறே?"

"பாய், முசே ரொபேர் பாரீசுலேருந்து கொண்டாந்த மருந்து உறைஞ்சுபோச்சு. கடற்பாசி ஊத்துன பீக்கர்லயே கரைச்சுத் தொலைச்சிட்டேன்."

அவர் வாளிக்குள் குனிந்து பார்த்தார். "சக்கரை போட்டியா?"

"வெளையாடாதீங்க பாய்."

"சரி, சொல்றதக் கேளு. கை தவறி ஒடஞ்சிடுச்சுன்னு சொல்லிடு. கண்ணாடின்னா ஒடையும். அதுக்காக யாரும் வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்க. விருந்துக்குத் தூக்கிட்டுப் போனேன்னு சொல்லிப் பாரு, அன்னிக்கே அனுப்பிடுவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொலேத்தின் புருஷன் துறைமுகத்தில் குமாஸ்தா. காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை விட்டுக் கப்பலேறியபோது புதுச்சேரிக்காரர்கள் பலர் பின்னாலேயே ஏறினார்கள். பிரான்ஸில், மார்சேயில் இருந்த நாத்தனார் இவளையும் வரச்சொன்னாள், தன் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள. பொலேத் போகவில்லை. கான் ஹொய் பேட்டையில் பாலத்தை ஒட்டி ஓர் ஒற்றை அறை, பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், அது போதும் என்று இருந்துவிட்டாள். இந்த வேலை போனால் அதுவும் போகும். பிறகு நாத்தனார் வீட்டில் ஒண்டிக்கொண்டு, அவள் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான்.

ஆனால் இந்த வேலைக்கு அவளை எடுத்ததே பேராசிரியர் ரொபேர்தான். ஜாடி கழுவ வந்தவளைத் தராசைத் தொடவிட்டார். அவரிடம் பொய் சொல்ல நாக்கு எழாது.

மருந்தும் லேசுப்பட்டதல்ல. குவானின் அடங்கிய குவானிலிக் அமிலம். முன்பு இரண்டு தடவை அவரே கரைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். இரண்டு தடவையும் மின்சாரம் போயிற்று. கரைசல் தண்ணீராகவே கிடந்து பூஞ்சை பிடித்தது. மிச்சம் இருந்தது ஒரு சிட்டிகை. அதனால்தான் பொலேத் இந்த முறை மின்சாரத்தை நம்பவில்லை. விடிந்ததும் கான் ஹொய் மீன் கிடங்கில் ஐஸ் கட்டி வாங்கி, மீன்காரர்கள் செய்வதுபோல் உமி கொட்டிச் சாக்குப் போட்டு மூடினாள். எதற்குக் குளிரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்து ரொபேர் வந்தார். கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"முசே, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தவள், ஞாயிற்றுக்கிழமை விருந்து உட்பட ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். ஹாஜா மைதீன் தலையில் அடித்துக்கொண்டு சாமான் அறைக்குள் மறைந்தார்.

ரொபேர் பீக்கரை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடிற்று.

"உறைஞ்சிருக்கு! இதுக்குத்தானே இத்தனை மாசமாத் தவம் கிடந்தேன். ஆனா உறைஞ்சது எது? என் குவானினா, உங்க கடற்பாசியா?"

"மருந்து தானா உறையுமா முசே?"

ஜன்னலுக்குக் கீழே காவல்காரர்கள் நாலு பேர் சதுரமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ரொபேர் அவர்களைக் காட்டினார்.

"நம்ம உடம்புல இருக்கிற டி.என்.ஏ. ரெண்டு இழை முறுக்கு. எதிரும் புதிருமா ஜோடி சேரும். இந்தக் குவானின் இருக்கே, அது ஜோடிக்குக் காத்துக்கிட்டு இருக்காது. அந்த ஆளுங்க மாரி நாலா உட்காரும். ஒவ்வொருத்தனும் பக்கத்துல இருக்கிறவன் கையப் புடிச்சிக்கிறான்னு வையுங்க, சதுரம் ஆச்சா? அதுக்கு மேல இன்னும் நாலு பேரு, கொஞ்சம் திரும்பி. அதுக்கும் மேல நாலு. இப்படி அடுக்கு ஏறிக்கிட்டே போகும். தண்ணி நடுவுல மாட்டிக்கிட்டு ஓட வழியில்லாம நின்னுடும். குவானினை இழையாக் கோத்துவிட்டா நாலு இழையும் ஒண்ணா முறுக்கிக்கும்னும் சொல்றாங்க."

"நம்ம உடம்புக்குள்ளயும் அப்படி இருக்குதா?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாது."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. இது கடற்பாசி என்றால், இவர் காத்திருந்த காரியம் அவள் கையால் கெட்டது.

ரொபேர் யோசித்தார். "கடற்பாசி எப்ப இளகும், பொலேத்?"

"வெயில்ல வெச்சாலும் இளகாது முசே. விருந்தன்னிக்கு மத்தியானம் வரைக்கும் வெளியதான் இருந்துச்சு. அடுப்புல ஏத்திக் கொதிக்க வெச்சாத்தான் உண்டு."

"குவானினுக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது. கொஞ்சம் சூடு பட்டாலே கைய விட்டுடும்."

பீக்கரை ஜன்னல் விளிம்பில், வெயிலில் வைத்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாஜா மைதீனும் வந்து சேர்ந்துகொண்டார்.

"பிறை பாக்குற மாரி நிக்கிறீங்களே ரெண்டு பேரும்."

யாரும் சிரிக்கவில்லை. பொலேத் உதட்டுக்குள் மங்கள வார்த்தை செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். செபம் எங்கோ நடுவில் அறுந்தது. கட்டியின் ஓரம் கண்ணாடியை விட்டு வழுக்கிற்று. நடுப்பகுதி தளர்ந்து உட்கார்ந்தது. ரொபேர் பீக்கரைச் சாய்த்தார். தண்ணீர் தண்ணீராக ஓடிற்று.

அவர் அதை ஐஸுக்குள் புதைத்தார். பொறுத்திருந்து எடுத்தபோது மறுபடி உறைந்திருந்தது.

"வெயிலுக்கே இளகி ஐஸ்ல உறையற இந்த வித்தை கடற்பாசிக்குத் தெரியாது" என்றார் ரொபேர். உரக்கச் சிரித்தார். "வீட்டுக்குக் கொண்டுபோனதை இனிமே திரும்பக் கொண்டுவராதீங்க பொலேத். அங்கேயே வெச்சிக்கிங்க, விருந்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

"ஒடஞ்சிடுச்சுன்னு சொல்லச் சொன்னேன், கேக்கல" என்றார் ஹாஜா மைதீன், தன் யோசனை பலித்ததுபோல.

சைகோன் வெயிலைத் திட்டாத நாள் பொலேத்துக்கு இருந்ததில்லை. அன்று ஜன்னலோரம் நின்று அதற்கு நன்றியாக ஒரு மெர்சி சொன்னாள். மீன் கிடங்குக்காரனுக்கும் மனசுக்குள் ஒன்று சொன்னாள். ரொபேருக்குச் சொல்லத்தான் வார்த்தை அகப்படவில்லை. அத்தனையையும் கேட்டபிறகு அந்த மனிதர் அவளைக் கேட்ட ஒரே கேள்வி, கடற்பாசி எப்போது இளகும் என்பதுதான். ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. மின்சாரம் இருந்தது. தெருவில் அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் என்பதால் பாதி மாணவர்களே வந்தார்கள். ரொபேர் அவர்களுக்கு உறைந்ததைக் காட்டி, பலகையில் சதுரத்தின் மேல் சதுரமாக வரைந்தார். பொலேத் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டாள். மத்தியானம் துறைத் தலைவர் வந்தார். அடுத்த வருஷமும் பொலேத் இங்கேதான் என்று ரொபேர் சொன்னார். தலைவர் சரி என்றார். ஊர்வலத்தின் மேல் போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டதால் கல்லூரியைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. பொலேத் பாலத்தைத் தாண்டி நடந்தே போனாள். வழியில் கீரை வாங்கினாள். மாதலேன் பள்ளியிலிருந்து முன்பே வந்திருந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு மழை பெய்தது.