பட்டணத்து வெள்ளி

எட்டு வயதில் என்னைவிட வானம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சென்னீர்குப்பத்தில் களத்துமேட்டில் படுத்துக்கொண்டு, நட்சத்திரங்களில் ஆறாமீன் கூட்டம் எது, ஏர்க்கலப்பை எது என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சுட்டிக்காட்டுவேன்.

ஏரி இரண்டு வருஷம் நிறையாமல் போகவே நைனா எங்களைக் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் சூளை என்ற பேட்டைக்குக் குடிவந்தார். வெள்ளைக்காரன் காலம், டிராம் வண்டிகளைக் கழுவும் வேலை. எங்கள் ஒண்டுக்குடித்தனத்து முற்றத்துக்கு மேலே ஒரு முழம் வானம் இருந்தது. அதிலும் பாதியை ஆலைப்புகை தின்றது, மீதியைத் தெருவிளக்கு தின்றது. "இன்னா ஊரு இது, ஒரு ஆறாமீன்கூட இல்ல" என்று முதல் வாரம் முழுக்க அழுதேன்.

முதல் டிராம் கிளம்புவதற்குள் நைனா வண்டிகளைக் கழுவி முடிக்க வேண்டும். அவரோ படுத்தால் கும்பகர்ணன். நேரம் தப்பினால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். அந்த வேலைக்கு வாசலில் எப்போதும் நாலு பேர் காத்திருந்தார்கள். கடிகாரம் வாங்க வக்கில்லை. "ஊர்ல மாதிரியே வெள்ளி பாத்து எழுப்பிடறேன்" என்றாள் அம்மா. சொன்னபடியே தினமும், "எழுந்திருய்யா, விடிவெள்ளி மொளச்சிடுச்சி" என்று அவரை உலுக்குவாள். அவரும் அரைத்தூக்கத்தில் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்.

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. நான் கழுத்து வலிக்கப் பார்த்தும் தெரியாத வெள்ளி இவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? காட்டு என்றால், "நீ எழுந்துக்கறதுக்குள்ள பொகைக்குள்ள பூட்ச்சிடி" என்பாள். இரவில் நான் எப்போது விழித்தாலும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பகலிலோ அரிசி களையும்போதே தலை தொங்கும். பட்டணம் வந்து அம்மாவுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று எனக்கு வருத்தம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். இருட்டியதும் நிமிர்ந்து பார்த்தேன். என் சொத்து முழுவதும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட ஓடினேன். அவள் சாப்பிட்ட கையோடு களத்தில் பாயைப் போட்டுத் தூங்கியிருந்தாள். இவ்வளவு வானத்தையும் விட்டுவிட்டுத் தூங்குகிறாளே என்று கோபமாக வந்தது.

பக்கத்தில் நைனா தன் அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளு லேட்டு கெடையாதுண்ணே. வெள்ளிய பாத்து டாண்ணு எழுப்பிடுவா. இன்னிக்கு வரைக்கும் தப்புனதில்ல."

பெரியப்பா வைக்கோற்போரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டே கேட்டார். "எந்த வெள்ளிடா? அதோ, மேக்கால கீது பாரு. ஐப்பசிலேர்ந்து அது சாயங்காலந்தானே வந்துகினு கீது. விடியக்காலைல ஏது வெள்ளி?"

நைனா மேற்கே பார்த்தார். அங்கே, பனைகளுக்கு மேலே, அது பளிச்சென்று நின்றது. பிறகு திரும்பி, தூங்கும் அம்மாவைப் பார்த்தார்.

நான் விடுவேனா? அம்மாவைப் பொய்க்காரி என்றல்லவா ஆக்குகிறார். "ஒங்க ஊரு வெள்ளி மேக்கால வந்திருக்கும் பெரிப்பா. எங்க பட்டணத்து வெள்ளி கெழக்கேதான் கீது. அம்மா ராவெல்லாம் குந்திகினு பாக்குது. நானே பாத்துகீறேன்."

பெரியப்பா பல் குத்திய குச்சியை வைக்கோலில் செருகிவிட்டு நைனாவைப் பார்த்தார். நைனா எழுந்துபோய், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் மேல் தன் துண்டைப் போர்த்திவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"காலைல யாரும் இவள எழுப்பாதீங்க" என்றார். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவையே வாயடைத்துவிட்ட மிதப்பில் அம்மாவை ஒட்டிப் படுத்து ஆறாமீனை எண்ணினேன். எங்கள் குடும்பத்தில் வானம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை.