பதினெட்டாம் நம்பர் ஸ்கோப்

1. மேஜை மேல் இரண்டு ஸ்கோப்

காலை எட்டு மணிக்கு வயர்லெஸ்ஸில் அழைப்பு வந்தபோது என் மேஜை மேல் இரண்டு ஸ்கோப்பும் கழற்றிக் கிடந்தன. மழைக்காலம் முடிந்த சமயம். ஈரம் ஏறினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, திருகுகளைச் சரிபார்த்து, திரும்ப மாட்டி வைப்பது வழக்கம். அன்றைக்கு அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் போலீஸில் ஆர்மரர். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதும் பராமரிப்பதும் என் பொறுப்பு. சிங்காநல்லூரில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, மில் வேலைக்குப் போகாமல் காக்கிச் சட்டை போட்டவன். அப்போது ஏட்டு. கோவைக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்த ஒரு ஃபயரிங் ரேஞ்சை ஒட்டி எங்கள் ஆர்மரி.

எங்களிடம் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வைத்த ரைபிள் இரண்டே இரண்டு. பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்ந்து எங்களிடம் வந்த பழைய .303. கடைசி இரண்டு எண்ணை வைத்து ஒன்றைப் பதினெட்டு என்போம், மற்றதை முப்பத்தொன்று என்போம். ஒவ்வொன்றுக்கும் அதற்கே அளந்து பொருத்திய ஸ்கோப். ரைபிளின் நம்பர், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டிலும் அடித்திருக்கும். ஜீரோ என்று சொல்வோமே, ஸ்கோப்பில் பார்க்கிற புள்ளியும் குண்டு போய் விழுகிற புள்ளியும் ஒன்றாக இருப்பது, அது அந்த ஜோடிக்கு மட்டும்தான். ஸ்கோப் மாறினால் ஜீரோ போய்விடும்.

"சத்தியமங்கலம் பக்கத்துல ஒருத்தன் பொம்பளையப் புடிச்சு வெச்சிருக்கான். கையில துப்பாக்கி. ஸ்னைப்பர் ஒருத்தன், நீ ஒருத்தன், ரெண்டு பேரும் ஏறுங்க. ஜீப் கெளம்புது!" வாசலில் நின்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

கைக்கு வந்த ஸ்கோப்பை எடுத்து முப்பத்தொன்றின் மேல் மாட்டி இறுக்கினேன். இன்னொன்றைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். நம்பரைப் படிக்கவில்லை.

2. ஆரோக்கியம்

என்னோடு வந்த ஸ்னைப்பர் ஆரோக்கியம். அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். என்னைவிட எட்டு வயது சின்னவர், கான்ஸ்டபிள். அதிகம் பேச மாட்டார்.

ஸ்னைப்பர் என்றால் குறி தவறாமல் சுடுகிறவர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பயிற்சியில் சுடுவது கால் பங்கு வேலை. முக்கால் பங்கு படுத்துக்கொண்டு பார்ப்பது. பட்டாளத்திலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் ரேஞ்சின் புல்லுக்குள் பத்துச் சாமானைப் போட்டுவைப்பார். சீப்பு, தீப்பெட்டி, ஒற்றைச் செருப்பு, காலித் தோட்டா என்று இருக்கும். தலையைத் தூக்காமல் பைனாகுலரில் தேடி, கண்டதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் ஆறு, ஏழு எழுதுவார்கள். ஆரோக்கியம் ஒன்பதுக்குக் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருமுறை பதினொன்று எழுதினார். பதினொன்றாவது, பயிற்சியாளர் தனக்கே தெரியாமல் தவறவிட்ட பேனா மூடி.

3. மஞ்சள் காட்டுக்குள்

நாங்கள் போய்ச் சேரும்போது பத்தரை மணி. நடந்தது இதுதான். அண்ணன் தம்பிக்குள் கிணற்றுத் தண்ணீர்த் தகராறு. தம்பி குமாரசாமி, காட்டுப் பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியால் அண்ணனைத் தொடையில் சுட்டுவிட்டார். ஓடி வந்து தடுத்த அண்ணி சரஸ்வதியை இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். யாராவது கிட்டே வந்தால் அண்ணியைச் சுட்டுவிடுவதாக உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

மோட்டார் ரூமுக்கு எதிரே மஞ்சள் காடு. இலை இடுப்பளவு வளர்ந்து நின்றது. தண்ணீர் பாய்ச்சிய ஈர மண்ணில் ஊர்ந்துபோய் நூற்றெண்பது கெஜ தூரத்தில் இருவரும் படுத்தோம். எங்களுக்குப் பின்னால் வரப்புக்குக் கீழே இன்ஸ்பெக்டர்.

ரைபிளில் ஒட்டிய சேற்றைத் துணியால் துடைத்தேன். பிராக்கெட்டில் அடித்திருந்த எண் கண்ணில் பட்டது. பதினெட்டு.

கையிலிருந்த ரைபிளோ முப்பத்தொன்று.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்று சொன்னால் அது பொய். என் தலைக்குள் ஓடியது வேறு. வித்தியாசம் ஒரு விரல் அகலம்தான் இருக்கும். ஒருவேளை சுடவே வேண்டியிருக்காது. குமாரசாமி தானாக வெளியே வந்துவிடலாம். யாருக்கும் தெரியாமல் சாயங்காலம் ஆர்மரியில் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். பதினைந்து வருஷ சர்வீஸில் என் மேல் ஒரு ரிமார்க் கிடையாது. இப்படி நினைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் அந்தச் சேற்றில் படுத்திருந்தேன்.

"ஆரோக்கியம், தெரியறானா?" பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியறானுங்க ஐயா. சன்னல்ல இடப்பக்கம் நிக்கறான். வலப்பக்கம் அந்தம்மா. நெத்திக்கு நெத்தி ஒன்றரைச் சாண் இருக்குமுங்க."

"துப்பாக்கி?"

"அந்தம்மா கழுத்துக்கிட்ட வெச்சிருக்கானுங்க."

மைக்கில் பேசிப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவரை வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளிருந்து குமாரசாமியின் குரல் ஏறிக்கொண்டேதான் போனது. கடைசியில் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "இனிப் பொறுக்க முடியாது. அடிச்சிரு."

ஆரோக்கியம் மூச்சை இழுத்துப் பாதி விட்டார். விரல் ட்ரிகரில் முதல் அழுத்தத்துக்குப் போனது. நான் கையை நீட்டி போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அது மேலே இருந்தால் துப்பாக்கி வெடிக்காது.

"வேண்டாம் ஆரோக்கியம். இது பதினெட்டோட ஸ்கோப்."

அவர் விரலை எடுத்துவிட்டார். தலையைத் திருப்பி என்னைப் பார்க்கவில்லை.

"என்னய்யா அங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்கோப் மாறிப்போச்சுங்க ஐயா. ஜீரோ கெடையாது. என் தப்புங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் இன்ஸ்பெக்டர். "ஒரு ரவுண்டு போட்டுப் பாத்துச் சரி பண்ண முடியாதா?"

"சத்தம் கேட்டா அந்தம்மாவச் சுட்டுப்போடுவானுங்க ஐயா."

"ஸ்கோப்பக் கழட்டிப்போட்டுச் சுடு, ஆரோக்கியம்."

"ரெண்டு தலைங்க ஐயா, ஒரே சன்னல்ல. வெறுங்கண்ணுல நான் சுட மாட்டேனுங்க."

சரியான ஸ்கோப் கோவையில் பெட்டிக்குள் இருந்தது. ஜீப் போய்த் திரும்ப நாலு மணி நேரம். இன்ஸ்பெக்டர் ஜீப்பை அனுப்பினார். என்னைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை விட மாட்டேன்யா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

4. மருந்துப் பை

சுட முடியாத ஸ்கோப்பாலும் பார்க்க முடியும். ஆரோக்கியம் ஸ்கோப்பில் சன்னலைப் பார்த்தார், அலுத்தபோது பைனாகுலரை வாங்கிச் சுற்றிலும் பார்த்தார். கிணற்று மேடு, தொட்டி, வாய்க்கால், தென்னை மரம் என்று ஓரத்திலிருந்து ஓரம் வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

ஒரு மணியைத் தாண்டியிருக்கும்.

"ஏட்டய்யா, நாட்டுத் துப்பாக்கி ஒருக்காச் சுட்டா மறுபடி மருந்து கெட்டிக்கோணுமில்லீங்களா?"

"ஆமா. மருந்து போட்டு, ரவை போட்டு, குச்சில இடிக்கோணும்."

"தென்னை மரத்துக்கு அந்தப்பக்கம் வாய்க்கா ஓரம் பாருங்க. பழுப்பா ஒரு பை. வாரு அந்து கெடக்குது."

பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். முதலில் காய்ந்த மட்டை என்றுதான் நினைத்தேன். பிறகு தோல் வார் தெரிந்தது. பையின் வாயிலிருந்து மருந்து கெட்டிக்கிற குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணனைச் சுட்டது அந்த வாய்க்காலருகில்தான். சரஸ்வதியோடு நடந்த இழுபறியில் பை அறுந்து விழுந்திருக்க வேண்டும்.

ஆக, அந்தத் துப்பாக்கிக்குள் ஒன்றும் இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. ரூமுக்குள் வேறு மருந்து இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் யோசித்தார். பிறகு மைக்கை வாங்கி, இந்தத் தடவை குமாரசாமியோடு பேசாமல் சரஸ்வதியோடு பேசினார்.

"அம்மா, மருந்துப் பை வாய்க்கா ஓரத்துல கெடக்குது. எங்க கண்ணுக்குத் தெரியுது. அவன்கிட்ட இருக்கறது வெறுந்துப்பாக்கி."

சன்னலில் இரண்டு தலையும் அசையவில்லை. பிறகு வலப்பக்கத் தலை இடப்பக்கம் திரும்பியதாக ஆரோக்கியம் சொன்னார். அந்தம்மா ஏதோ பேசுகிறார் என்றார். துப்பாக்கிக் குழாயைக் கையால் தள்ளுகிறார் என்றார். அவன் அழுகிறான் என்றார்.

கதவு திறந்தது. முதலில் வந்தது சரஸ்வதி, கையில் துப்பாக்கியோடு. அதைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, ஓடி வந்த போலீஸ்காரர்களுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"ஏனுங்க, அடிக்காதீங்க. காத்தால இருந்து பச்சத்தண்ணி குடிக்கல அவன். மொதல்ல தண்ணி குடுங்க. அப்பறம் கூட்டிட்டுப் போங்க."

புருஷனைச் சுட்டவனுக்குத் தண்ணீர் கேட்டார். அவர் குரலில் அழுகை இல்லை. கழுத்தில் குழாய் பதிந்த தடம் மட்டும் வட்டமாகச் சிவந்திருந்தது.

5. ஐந்து ரவுண்டு

மறுநாள் காலை ரேஞ்சில் இன்ஸ்பெக்டர், ஆரோக்கியம், நான் மூன்று பேர் மட்டும். அதே ரைபிள், அதே ஸ்கோப், அதே தூரம். டார்கெட்டின் நடுவில் குறி வைத்து ஆரோக்கியம் ஐந்து ரவுண்டு சுட்டார். நடந்துபோய்ப் பார்த்தோம்.

ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டி அழகாக விழுந்திருந்தன. நடுவில் அல்ல, வலப்பக்கத்தில். ஆரோக்கியம் குனிந்து கையால் அளந்தார். ஒன்றரைச் சாணுக்கு ஒரு விரல் குறைவு.

சன்னலின் வலப்பக்கத்தில் நின்றவர் சரஸ்வதி.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

"எழுதுங்க ஐயா" என்றேன்.

அவர் போன பிறகு ஆரோக்கியம் டார்கெட் தாளைக் கிழிக்காமல் பிரித்தெடுத்தார். மடித்துக்கொண்டே கேட்டார்.

"நம்பர எப்பப் பாத்தீங்க, ஏட்டய்யா?"

பொய் சொல்லியிருக்கலாம். அப்போதுதான் பார்த்தேன் என்றால் நம்பியிருப்பார்.

"படுத்த ஒடனே பாத்துப்போட்டேன்."

தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு நெடுநாள் என்னோடு பேசவில்லை. ஆர்மரியிலிருந்து என்னை எடுத்து கேட் ட்யூட்டியில் போட்டார்கள். தினமும் அதே கேட் வழியாகத்தான் அவர் உள்ளே போவார். மரியாதைக்குத் தலையை மட்டும் அசைப்பார்.

6. இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு

போன வருஷம் கோவையில் ட்ரோன் செய்கிற பட்டறை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். நான் போலீஸில் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர் கேட்டார். "இனிமே ஸ்னைப்பருக்கெல்லாம் என்னங்க வேலை? மேலேருந்தே எல்லாம் தெரியுதுங்களே!"

அவர் சொல்வது பெரும்பாலும் சரி. அன்றைக்கு ஒரு ட்ரோன் இருந்திருந்தால் அந்த மருந்துப் பையைப் பத்தே நிமிஷத்தில் காட்டியிருக்கும். சேற்றில் படுத்திருக்க வேண்டியதில்லை. சரஸ்வதியின் கழுத்தில் அந்தத் தடமும் அத்தனை நேரம் அழுந்தியிருக்காது. பழைய காலத்து வேலைதான் உசத்தி என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன். கேமராவை மாற்றி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

"சாஃப்ட்வேர் எர்ரர் காட்டுமுங்க."

"காட்டலைன்னா?"

"மாட்டுனவனுக்குத் தெரியுமுங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7. திரும்பி வந்த நாள்

கேட் ட்யூட்டியில் போட்டு ஆறு மாதம் கழித்து என்னைத் திரும்ப ஆர்மரியில் போட்டார்கள். கேட்டு வாங்கியது ஆரோக்கியம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே வந்து ரைபிளை மேஜை மேல் வைத்தார்.

"ஏன் ஆரோக்கியம், என்னை எதுக்குக் கேட்டே?" என்றேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவம் இன்னும் போகலீங்க. அரை மணி நேரம் பக்கத்துல படுத்துட்டு எங்கிட்டச் சொல்லாம இருந்தீங்க. ஆனா கடைசில கைய நீட்டிப் போல்ட்டப் புடிச்சீங்க. வேற ஆளா இருந்தா அதையும் செஞ்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியலீங்க."

அவர் போன பிறகு ரைபிளின் நம்பரையும் பிராக்கெட்டின் நம்பரையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவசரத்தில் தப்பு நடக்கும். எனக்கு நடந்தது, உங்களுக்கும் நடக்கும். அதற்காக என்னை நான் மன்னித்து ரொம்ப வருஷமாகிறது. தப்பு தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேனே, அந்த அரை மணி நேரத்தைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.