எலுமிச்சை பட்ட கல்

என் மேஜை இழுப்பறையில், பழைய வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு கல் இருக்கிறது. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியது. ரோஜா நிறத்தில் வெள்ளை வரிகள் அலையலையாக ஓடிய கல். இப்போது சுண்ணாம்புச் சுவரில் உரசிய விரல் மாதிரி வெளுத்திருக்கிறது. ரோடோகுரோசைட் என்று பெயர். என் பல்வரிசை இன்றிருக்கும் நிலையில் அதை நான் உரக்கச் சொல்வதில்லை.

எழுபதுகளில், வேலை கிடைத்த புதிதில், வலியசாலைத் தெருவில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். சித்திக்கு இதயத்தில் வால்வு பழுது. மாடிப்படியில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்று, "யாரோ படியைக் கூட்டி வச்சிருக்கா" என்று குற்றத்தைத் தச்சன்மேல் போடுவாள். அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்றார்கள் டாக்டர்கள். செக்ரட்டேரியட்டில் அசையாத கோப்புகளையெல்லாம் அசைத்த சித்தப்பாவால் சித்தியை அசைக்க முடியவில்லை.

அப்போதுதான் கப்பலில் வேலைபார்த்த அவருடைய நண்பர் லீவில் வந்தார். தென்னமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய இந்தக் கல்லை வெள்ளிப் பதக்கமாகச் சித்தியிடம் கொடுத்தார். அந்த ஊர்ப் பழைய ராஜாக்களின் ரத்தம் மலைக்குள் உறைந்து இப்படி வரிவரியாகக் கல்லானதாம், நெஞ்சுக்கு நல்லதாம். சித்தி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இதைப் போட்டுண்டு போறதானா ஆபரேஷனுக்குச் சம்மதமாக்கும்," என்றாள். சித்தப்பா சந்தோஷத்தில், சாப்பிட்டு எழுந்தவர் மறுபடியும் இலை போடச் சொன்னார்.

ஆனால் எங்கள் தெருவில் எந்தக் கல்லையும் வந்தபடியே கழுத்தில் போட மாட்டார்கள். சாமி பாதத்தில் வைத்து, ஒரு மண்டலம் அபிஷேகம் செய்துதான் எடுப்பார்கள். சித்தப்பாவே கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தார். பால், தயிர், எலுமிச்சைச் சாறு என்று தினமும் முழுக்கு. வைரமும் கெம்பும் அப்படிக் குளித்து வந்தவைதானே. யாருக்கும் சந்தேகமே வரவில்லை, நிறையப் படித்தவனென்று பெயரெடுத்திருந்த எனக்கும் சேர்த்து.

மண்டலம் முடிந்து, வாழையிலைக் கீற்றில் வைத்துக் கொண்டுவந்தார். துளசியை விலக்கினால், பளபளப்பு போய், வரிகள் மங்கி, மேலெல்லாம் வெள்ளை படர்ந்திருந்தது. சித்தி அதைத் தொடவில்லை.

"ராஜா ரத்தமே வெளுத்துப் போச்சு. என் ரத்தம் எம்மாத்திரம்? எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"கல்லுடி அது, வெறும் கல்லு!"

"நேத்துவரைக்கும் மருந்துன்னேளே."

ஆஸ்பத்திரியில் குறித்திருந்த நாள் வந்தது, போனது. ஐப்பசியில் துலாமழை தொடங்குமுன் சித்தியும் போனாள்.

அடுத்த லீவில் நண்பர் துக்கம் கேட்க வந்தார். பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர் பதறிப்போனார். "ஐயோ, இது மிருதுவான கல்லாக்கும். புளிப்பே ஆகாது. ஈரத்துணியால தொடச்சு, மத்த நகையோட சேராம, மெத்துன்னு சுத்தி வைக்கணும். சொல்ல விட்டுப்போச்சே! மேலாப்லதான் போயிருக்கு. பாலிஷ் போட்டா அரை நாள்ல பழைய நெறம் வந்துடும்."

சித்தப்பா மெல்லக் கேட்டார்: "அன்னைக்கே போட்டிருந்தா?"

"எப்பப் போட்டாலும்..." என்று தொடங்கிய நண்பர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

சித்தப்பா கடைசிவரை அதற்குப் பாலிஷ் போடவில்லை. அவருக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. இப்போது எனக்கும் நெஞ்சுக்கு மாத்திரை. "சாலைக் கடைத்தெரு நகைப் பட்டறையில குடுத்தா மின்னிடுமே, ஏன் இப்படி அழுதுவடிய வச்சிண்டிருக்கேள்?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் ஈரத்துணியால் துடைக்கிறேன். மற்ற எதனோடும் சேராமல் மெத்தென்று சுற்றி வைக்கிறேன். எலுமிச்சை இருக்கும் பக்கமே கொண்டுபோவதில்லை. வெளுப்பை மட்டும் தொடவில்லை. அரை நாளில் அந்த நிறம் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியமில்லை.