பேசாதவர்களின் துணி

மாலை நாலேகாலுக்கு என் மகள் போனில் அழைத்தாள். "அம்மா, அம்மிச்சி எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க."

அம்மிச்சி என்று பாட்டி முறை வைத்துக் கூப்பிட்டாலும், அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. கீழ் கோத்தகிரியில் பக்கத்து வீட்டுக்காரர். நான் வேலை முடிந்து வரும்வரை மகளைப் பார்த்துக்கொள்வார். புடவைமேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். அதன் தோளில் எப்போதும் நூல் கோத்த ஊசி குத்தியிருக்கும். பழைய துணிகளை ஒட்டுப்போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் போர்வை தைத்துக் கொடுப்பார். பேச்சுவார்த்தை இல்லாத இருவரின் துணிகளை மட்டும் ஒரே போர்வையில் சேர்க்க மாட்டார்.

ஒருமுறை என் சேலையையும் கணவரின் சட்டையையும் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, ரெண்டு பேரும் பேசிக்கறீங்கதானுங்க? அப்பறம் பாதியில பிரிக்கச் சொல்லக்கூடாது" என்றார். சிரித்துவிட்டு, "உங்க மகன் சட்டையெல்லாம் சேர்க்கலீங்களா?" என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்தார்.

"அவன் மொதல்ல வரட்டுமுங்க."

என்ன சண்டை என்று அவர் சொன்னதில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

நான் ஓடி வந்தபோது உடல் சில்லிட்டிருந்தது. மகள் அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். கோவையிலிருந்த மகனுக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் முழுக்கக் காத்திருந்தோம். இதற்காவது வந்துவிடுவார் என்று நான் நம்பினேன். நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே. மழை விடவில்லை. இடுகாட்டில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊற ஊற, ஆட்கள் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இருட்டும் நேரத்தில் அந்த மகனின் பெண் மட்டும் நனைந்தபடி மேடேறி இடுகாட்டுக்கு வந்தாள். குழியோரம் கிடத்தியிருந்த பாட்டியின் முகத்தைத் தடவிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அப்பா கீழ ரோட்டுல கார்லதானுங்க இருக்காரு. எறங்க மாட்டேங்கறாரு. நீங்க குழிய மூடீருங்க."