சில்லுகளைத் தூவியவர்

என் தம்பிக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் வேலை மூன்று வாரம்தான் நிலைத்தது. மணமகள் உள்ளே வரும் நேரம் பார்த்து, மேலே சுற்றிய மின்விசிறியைப் பன்னிரண்டு நிமிடம் எடுத்திருந்தான். கேட்டதற்கு, அதுதான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது என்றானாம். இவனை என்ன செய்ய?

பிறகு பாட்டுகளுக்கு வீடியோ எடுக்கத் தொடங்கினான். என் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் சாப்பாட்டு மேசை போட்டான். என் துணி அலமாரிக்குள் மழை பெய்ய வைத்தான். பார்த்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். துணி நாறியது எனக்குத்தானே தெரியும். ஒரு கலைக்கூடத்தில் போட்டுக் காட்டிய அவன் வீடியோவில் நாற்காலி ஒன்று அழுதது. வெட்கக்கேடு, நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

கலைக்கூடத்தில் கைதட்டியவர்கள் எண்ணி இருபது பேர். இசைக் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: அடுத்த வீடியோவையும் ஜனங்கள் பார்க்காவிட்டால் இனி அவனைக் கூப்பிடமாட்டார்கள். அப்படி ஆனால் ஒன்றாம் தேதியிலிருந்து என் வீட்டுக்காரரின் டைல்ஸ் கடையில் வந்து உட்காருவதாகத் தம்பி வாக்குக் கொடுத்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்று சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டான்.

அவன் போட்ட திட்டம் இது. டைல்ஸ் சுவர் ஒன்று சரிந்து நொறுங்க வேண்டும். பாடகி பின்பக்கமாக நடக்க வேண்டும். அதைத் தலைகீழாக ஓட்டினால், அவள் முன்னால் நடந்து வர, நொறுங்கிய சுவர் தானாக எழுந்து நிற்கும். உதடு பாட்டோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, பாவம், அந்தப் பெண் பாட்டைக் கடைசியிலிருந்து முதல்வரை மனப்பாடம் செய்தாள். அவள் அம்மா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போகப் பார்த்தாராம்.

கடைக் கிடங்கில் விலைபோகாமல் கிடந்த டைல்ஸை எல்லாம் என் வீட்டுக்காரர் கொடுத்தார். அடுக்கியதும் அவரே. ஒரே சுவர், அதனால் ஒரே தடவைதான் எடுக்க முடியும். கேமரா நிற்கும்வரை யாரும் குறுக்கே வரக்கூடாது என்று தம்பி ஆளாளுக்குக் கையைப் பிடித்துச் சொன்னான்.

சுவர் சரிந்தது. பாடகி பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். செருப்பு சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்ற வைத்தவன் என் தம்பி. சில்லு அவ்வளவு தூரம் தெறிக்கும் என்பதை யோசிக்காதவனும் அவனேதான். வெறுங்கால், பின்னால் முழுக்கச் சில்லு. கடையில் இருபது வருடமாக ஒரு வாடிக்கையாளர் காலிலும் கீறல் படவிடாத மனிதர் என் வீட்டுக்காரர். துடைப்பத்தையும் முறத்தையும் தூக்கிக்கொண்டு நேராகக் கேமரா முன்னால் ஓடினார். அவள் குதிகால் படப்போகும் இடத்தையெல்லாம் பெருக்கிப் பெருக்கி அள்ளினார்.

கேமரா நின்றது. தம்பி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். இவர் முறத்தோடு திருதிருவென்று விழித்தார்.

கடைசியில் பாடகிதான் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். தலைகீழாக ஓட்டினார்கள். அவள் பாடியபடி முன்னால் வருகிறாள். அவளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், பயபக்தியான முகத்தோடு, அவள் கால் பட்ட இடத்திலெல்லாம் முறத்திலிருந்து சில்லுகளைத் தூவிக்கொண்டு வருகிறார். விதைத்ததுபோல, அத்தனையும் துள்ளி எழுந்து சுவராகி நின்றது. என் தம்பி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

வீடியோ ஊரெல்லாம் ஓடியது. கடைக்கு வருகிறவர்கள் டைல்ஸை விட்டுவிட்டு இவரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பெனி இன்னும் மூன்று பாட்டு கொடுத்தது.

ஒன்றாம் தேதி காலையில் தம்பி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். "வீடியோ ஓடிட்டாலும் வாக்குன்னா வாக்குதான் மாமா. இன்னைக்கு ஒரு நாளாவது உக்காந்துட்டுப் போறேன்" என்றான்.

என் வீட்டுக்காரர் அவனை உள்ளே விடவில்லை.

"வேணாம் மாப்ளே. இங்க உடைஞ்சா உடைஞ்சதுதான். நீ உன் வேலையைப் போய்ப் பாரு" என்றார். பிறகு, நான் கேட்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்: "அடுத்ததுல எனக்கு என்ன வேலை?"