கம்பியைப் பிடுங்கிய காவேரி

தலைச்சோலை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அம்மாசியின் மகள் காவேரி, சேலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தாள். ஏற்காடு டவுனில் பாக்கியநாதன் நடத்திய சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை. காப்பியும் மிளகும் விற்கும் தோட்டக்காரர்களின் வலைத்தளங்கள் எல்லாம் அங்கே ஒரே சர்வரில் இருந்தன. அதில் ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். யாரும் இலவசமாக எடுத்து, உள்ளே எழுதியிருப்பதைப் படித்து, திருத்தியும் கொள்ளலாம். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் காவேரியுடையது.

1999 மழைக்காலத்தில் ஒரு காலை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் சர்வர் எங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையப் பார்க்கிறது, நிறுத்துங்கள் என்றிருந்தது.

என்னென்ன புரோகிராம்கள் ஓடுகின்றன என்று காவேரி பார்த்தாள். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் மோடத்தின் விளக்கு ஓயாமல் துடித்தது. ஓடுவதைக் காட்டும் புரோகிராமே பொய் சொல்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியது. லினக்ஸ் சிடியிலிருந்து அதன் அசலை எடுத்து ஓட்டினாள். ஒளிந்திருந்தது வெளியே வந்தது. சர்வர் விட்டுச் சர்வர் தானாகவே தாவும் நச்சு நிரல் அது.

"அதை மட்டும் அழிச்சுட்டா போதாதா?" என்றார் பாக்கியநாதன். "சீசன் நேரத்துல சைட்டை நிறுத்தினா தோட்டக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"போதாதுங்க சார். உள்ள வந்தது இன்னும் எத்தன கதவத் தொறந்து வெச்சிருக்குதோ. இந்தப் பெட்டில இருக்கற எதையும் இனி நம்ப முடியாதுங்க. மொத்தமா அழிச்சுப் புதுசாப் போடணும். தோட்டக்காரங்ககிட்ட நானே பேசறனுங்க."

அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். காவேரி சர்வரின் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கினாள். பிறகு ஒவ்வொரு தோட்டக்காரரையும் போனில் கூப்பிட்டாள். மாரமங்கலத்து மிளகுக்காரர் பெரியண்ணன் மட்டும் கோபித்துக்கொண்டார்.

"சும்மா கெடைக்கறத ஓட்டுனா இப்பிடித்தான் ஆவும். கெட்டியா ஒண்ணு வாங்கக்கூடாதாம்மா?"

"வாங்கறதுலயும் ஓட்டை இருக்குதுங்க. இதுல அடைக்கறதுக்குத் திருத்தம் ஏற்கெனவே வந்திருச்சுங்க. நாங்கதான் போடாம விட்டுட்டோம்."

பெரியண்ணனின் குரல் இறங்கியது. "செரி, வெரசாப் போடு கண்ணு."

சர்வர் திருத்தங்களோடு மறுபடி எழுந்தது. காவேரி அதோடு நிற்கவில்லை. தினமும் காலையில் சர்வரின் புரோகிராம்களை அசலோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் சொல்லும் சிறு நிரல் ஒன்றை எழுதி, எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டாள். சில வாரங்களில், போலந்திலிருந்து ஒருவர் அதைக் கொண்டு தன் சர்வரில் அதே நச்சைப் பிடித்ததாக எழுதியிருந்தார். பாக்கியநாதன் அதை டவுன் முழுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாசி மகளிடம் கேட்டார். "ஏங் கண்ணு, நீ எழுதுனத வெளிநாட்டுல வெச்சு ஓட்டறாங்களாமா? எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர் சொன்னாரு."

"ஆமாங்கப்பா. எழுதுனவங்க பேரு மேல இருக்கும்."

"என்னன்னு போட்டிருக்கற?"

"அம்மாசி காவேரின்னுங்கப்பா."

அம்மாசி சட்டையை மாட்டிக்கொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைனில் ஒரு வீடு விடாமல் சொல்லிவரக் கிளம்பினார்.