ஜமக்காளத்தின் மேல் டாப்

பிற்பகல் மூன்று மணி நாற்பது. பிள்ளைகளுக்கு உடை மாற்றிவிட்டு அரங்கத்துக்கு வந்தபோது, பள்ளி ஆண்டுவிழா மேடையில் முதலில் கண்ணில் பட்டது சிவப்பும் பச்சையுமாகப் பட்டை ஓடிய ஒரு பவானி ஜமக்காளம். அதற்குக் கீழே, முந்தின நாள் நான் மினி லாரியில் கொண்டுவந்து அடுக்கிய பிளைவுட் பலகைகள் இருந்தன.

டாப் நடனம் என்பது காலணியின் அடியில் முன்னும் பின்னும் உலோகத் தகடு வைத்துத் தரையைத் தட்டி ஆடுவது. தாளம் காலிலிருந்து வர வேண்டும். அதற்குக் கீழே மரம் வேண்டும். சுற்றுலாக் கப்பல்களில் ஆடிய காலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோவைக்குத் திரும்பி வகுப்பு தொடங்கியதிலிருந்து வாரம் இருமுறையாவது விளக்குகிறேன்.

பீளமேட்டில் நான் வகுப்பு நடத்திய மாடியை மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார், கீழே குடியிருந்த வீட்டுக்காரர். "ஏனுங்க மிஸ்ஸு, தலைக்கு மேல நெல்லுக் குத்துற மாதிரியே இருக்குதுங்க" என்றார். நியாயமான புகார்தான். இந்தப் பள்ளியின் தாளாளர், ஆண்டுவிழாவில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓர் அறை தருவது பற்றி முடிவு சொல்வதாக இருந்தது. தராவிட்டால் என்னிடம் படிக்கும் ஒன்பது பேருக்கும் வகுப்பு இல்லை.

காலணிச் சிக்கலை ஒரு வாரம் முன்பே தீர்த்திருந்தேன். விளக்கேற்றிய மேடையில் செருப்புக்கால் கூடாது என்றார்கள். தெருவில் படாத காலணி, துணிப்பையில் வரும், மேடை ஓரத்தில்தான் மாட்டுவோம் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லி அனுமதி வாங்கினேன். ஜமக்காளம் வரும் என்று தோன்றவில்லை.

மேடை அலங்காரக்காரர் திரை ஓரத்தில் நின்றிருந்தார். அறுபதை நெருங்கியவர்.

"யாருங்க இதை விரிச்சது?"

"நாந்தானுங்க அம்மணி. புத்தம் புதுசு. பலகை மொட்டையாக் கெடந்துச்சு. பெரிய மனுசங்க வர்ற மேடைங்க, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"இது இருந்தா சத்தம் வராதுங்க. எடுத்துடுங்க."

"கொழந்தைங்க காலு நோகாதுங்களா?"

"தட்டறதுதாங்க ஆட்டமே!"

அவர் மேடையின் வலது மூலையைக் காட்டினார். ஆளுயரக் குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்தபடி ஜமக்காளத்தின் நுனியில் நின்றது. சிறப்பு விருந்தினர் பத்து நிமிடம் முன்புதான் ஏற்றியிருந்தார்.

"ஏத்துன வெளக்கை நகத்தச் சொல்றீங்களா? விழா முடியட்டுமுங்க. நானே சுருட்டிப்போட்டுத் தாரேன்."

இரண்டு ஆசிரியைகளிடம் கேட்டேன். இருவரும் விளக்கைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், "பார்க்கலாமுங்க மிஸ்" என்றார்கள், போய்விட்டார்கள். இந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை.

நான்கு இருபதுக்கு ஒன்பது பேரும் மேடை ஏறினார்கள். பதினெட்டுக் கால்கள், ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. கால் தாளம் மட்டும் தனியாகக் கேட்கட்டும் என்று நடுவில் நாற்பது வினாடி இசையை நானே வெட்டியிருந்தேன். அந்த நாற்பது வினாடியும் அரங்கத்தில் மின்விசிறிகள் ஓடும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஆடிய பெண் ஒருமுறை குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். நிறுத்தவில்லை.

"பாட்டு நின்னுபோச்சுங்கோ! வயரைப் பாருங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். ஒலிபெருக்கிக்காரர் ஓடினார்.

முடிந்ததும் தாளாளர் என்னைத் தேடி வந்தார். பெற்றோர்கள் சுற்றி நின்றார்கள்.

"அருமைங்க மிஸ். நெசத்தைச் சொல்லோணுமுன்னா, சத்தம் வருமோன்னுதான் இத்தனை நாளா யோசிச்சுட்டு இருந்தேன். துளி சத்தம் இல்லீங்களே!"

விளக்க வாயெடுத்தேன். ஒன்பது பேரும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

"நன்றிங்க" என்றேன்.

அறை கிடைத்தது. முதல் மாடி, நூலகத்துக்கு நேர் மேலே.